முடிவு தெரிந்த பிறகும் நிற்கும் கதை



திகில் படம் ஒன்று கடைசிப் பத்து நிமிடத்தில் தன் கதையைத் தானே புரட்டிப் போடும்போது, பார்த்துவிட்டு எழுந்து வருகிறவர்கள் இரண்டு அணியாகிவிடுகிறார்கள். "இதை நினைக்கவே இல்லையே" என்று ஓர் அணி மகிழ்கிறது. "இவ்வளவு நேரமும் நம்மை ஏமாற்றியிருக்கிறார்கள்" என்று மற்ற அணி கோபிக்கிறது. முதல் அணிக்கு ரசிகர் என்றும் இரண்டாவது அணிக்கு விமர்சகர் என்றும் பெயர் வைத்து, இரண்டுக்கும் ஒட்டாது என்று முடிவுகட்டுவது நம் பத்திரிகை வழக்கம். அந்த முடிவு தவறு என்பதே இன்று நான் சொல்ல வந்தது. திருப்பத்தின் தரத்தை அது தரும் அதிர்ச்சியைக் கொண்டு அளக்க முடியாது. முடிவு தெரிந்துகொண்டு முதற்காட்சியிலிருந்து திரும்பப் பார்த்தால் கதை நிமிர்ந்து நிற்கிறதா என்று கேட்டுத்தான் அளக்க வேண்டும். பொதுமக்கள் இந்த அளவுகோலைத்தான் கையாளுகிறார்கள். நல்ல விமர்சகரும் அதையேதான் கையாளுகிறார். அதைப் பிறரிடமிருந்து கற்க வேண்டிய தேவையும் நமக்கு இல்லை. சப்ரகமுவ மலைத் தோட்டங்களில் விடிய விடியக் கூத்துப் பார்த்த மக்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நான் எடுத்துக்காட்டும் படங்களின் முடிவுகளை மறைக்காமல் பேசுவேன். என் வாதம் சரியானால், அதனால் அந்தப் படங்கள் எதையும் இழந்துவிடா.

கூத்திலிருந்தே தொடங்குவோம். மாசியில் கம்பம் ஊன்றி, மதனும் ரதியும் வேடமிட்டு, தப்பு முழங்கத் தோட்டத்தில் காமன் கூத்து ஆடும்போது, சிவன் நெற்றிக்கண்ணைத் திறப்பார், மதன் எரிவான் என்பது அங்கே உட்கார்ந்திருக்கும் சிறு பிள்ளைக்கும் தெரியும். ரதி புலம்பி இரந்து கணவனை மீட்பாள் என்பதும் தெரியும். பொன்னர் சங்கர் கூத்தில் அண்ணன்மார் படுகளத்தில் விழுவதும், தங்கை அவர்களை எழுப்புவதும் தெரியும். விடிந்தால் தேயிலை மலைக்கோ ரப்பர் பால் வெட்டுக்கோ போக வேண்டியவர்கள், தெரிந்த முடிவுக்காக இரவு முழுக்கக் கண்விழித்திருக்கிறார்கள். என்ன நடக்கும் என்ற கேள்வி அவர்களுக்கு இல்லை. எப்படி நடக்கப் போகிறது என்ற கேள்விதான் இருக்கிறது. ரதியாக ஆடுகிறவரின் புலம்பலில் உண்மை இருந்ததா, தப்பு சரியான இடத்தில் மாறியதா, எரிப்புக்கு முந்திய பாட்டு அந்த எரிப்பைத் தாங்கியதா என்று மறுநாள் கொழுந்து எடுத்துக்கொண்டே பேசுகிறார்கள். இதற்குப் பெயர் விமர்சனம். எழுதி அச்சிடாத காரணத்தால் அது விமர்சனம் இல்லாமல் போய்விடாது.

இதே சப்ரகமுவ மாகாணத்தில் நம்மோடு வாழும் சிங்கள மக்களின் தொவில் சடங்கும் இதற்கு ஒத்த சான்றைத் தருகிறது. மஹசோனா போன்ற யக்ஷர்களின் பயத்தால் நோயுற்றதாகக் கருதப்படும் ஒருவருக்காக இரவு முழுவதும் அந்தச் சடங்கு நடக்கும். தென்னிலங்கைத் தொவில்களை ஆராய்ந்த மானிடவியலாளர் புரூஸ் கப்ஃபெரர், 1983 இல் வெளிவந்த தமது நூலில் ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டினார். இரவின் முற்பகுதியில் அச்சமூட்டும் யக்ஷன், விடியும் நேரத்தில் முகமூடி அணிந்த நகைச்சுவைப் பாத்திரமாகி, கூட்டம் சிரிக்கும் பொருளாகிறான். பயம் தலைகீழாகத் திரும்பும் அந்த இடத்தில்தான் நோயாளி மீண்டும் சமூகத்துக்குள் வந்து சேர்கிறார். அந்தத் திருப்பமும் எல்லோருக்கும் முன்பே தெரிந்ததுதான். தெரிந்திருந்தும் வேலை செய்கிறது. இரண்டு மொழி மக்களின் இரவுக்கலைகளும் சொல்வது ஒன்றே: நன்றாகச் செய்யப்பட்ட திருப்பத்துக்கு, அறியாமை என்ற முட்டு வேண்டியதில்லை.

இப்போது சினிமாவுக்கு வருவோம். உலகமெங்கும் கடைசித் திருப்பம் என்றவுடன் நினைவுக்கு வரும் படம் 'தி சிக்ஸ்த் சென்ஸ்'. இயக்கிய மனோஜ் நைட் சியாமளன் புதுச்சேரி ஆட்சிப்பகுதியைச் சேர்ந்த மாஹேயில் 1970 இல் பிறந்தவர். தந்தை மலையாளி, தாய் தமிழர். வளர்ந்தது அமெரிக்காவின் பிலடெல்பியாவுக்கு அருகில். 1999 ஓகஸ்ட் 6 ஆம் திகதி, அவருடைய 29 ஆவது பிறந்தநாளன்று, படம் வெளியானது. செலவு ஏறத்தாழ 4 கோடி டொலர். உலக வசூல் 67 கோடி டொலர். அமெரிக்காவில் தொடர்ந்து ஐந்து வார இறுதிகள் முதலிடத்தில் இருந்தது. ஆறு ஒஸ்கார் பரிந்துரைகள் கிடைத்தன; விருது ஒன்றும் கிடைக்கவில்லை. கதை எளியது. மல்கம் என்ற குழந்தை உளவியல் மருத்துவர், முன்னாள் நோயாளி ஒருவனால் சுடப்படுகிறார். அதன் பிறகு, இறந்தவர்களைக் காணும் கோல் என்ற சிறுவனுக்கு உதவப் போகிறார். அந்த மருத்துவரே இறந்துபோனவர் என்பது முடிவில் தெரிகிறது.

இந்தப் படத்தின் வெற்றியை அதிர்ச்சி ஒன்றே கொண்டுவந்தது என்றால், ஐந்து வாரக் கூட்டத்துக்கு விளக்கம் கிடையாது. அதிர்ச்சி ஒரு தடவைதான் வேலை செய்யும். பார்த்தவர்களில் பலர் ஏன் திரும்பப் போனார்கள்? சோதிக்கப் போனார்கள். துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு அந்தச் சிறுவனைத் தவிர வேறு யாராவது மருத்துவரோடு பேசுகிறார்களா என்று பார்த்தார்கள், ஒருவரும் பேசவில்லை. திருமண நாள் விருந்தில் மனைவி அவருக்கு ஒரு வார்த்தை பதில் சொல்லாமல் எழுந்து போகிறாள். முதல் முறை அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டோம், இரண்டாம் முறை அது கைம்பெண்ணின் தனிமை என்று புரிகிறது. சிறுவனின் தாயும் மருத்துவரும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் காட்சியில் இருவரும் பேசி முடித்தவர்கள் போலத் தோன்றும். உண்மையில் பேசவே இல்லை. இறந்தவர்கள் தாங்கள் காண விரும்புவதை மட்டுமே காண்கிறார்கள் என்று சிறுவன் சொல்வதும் படத்தின் நடுவிலேயே இருக்கிறது. விதியை முன்னாலேயே சொல்லிவிட்டு, அந்த விதிப்படியே கதை முடிகிறது. ஆகவே முடிவு தெரிந்தபின் அந்தப் படம் திகில் கதையாக மட்டும் இருப்பதில்லை. தான் போய்விட்டதை ஏற்க முடியாத ஒரு கணவனின் துயரக் கதையாகவும் விரிகிறது.

அதே இயக்குநரின் 'தி வில்லேஜ்' 2004 ஜூலை இறுதியில் வந்தது. முதல் வார இறுதியில் 5 கோடி டொலர் திரண்டது. அடுத்த வார இறுதியில் மூன்றில் இரண்டு பங்கு சரிந்தது. ரொஜர் ஈபர்ட் என்ற புகழ்பெற்ற விமர்சகர் 'தி சிக்ஸ்த் சென்ஸ்' படத்துக்கு மூன்று நட்சத்திரமும், இதற்கு ஒரே ஒரு நட்சத்திரமும் கொடுத்தார். இங்கே கவனியுங்கள். கூட்டமும் விமர்சகரும் எதிரெதிர்த் திசையில் நிற்கவில்லை. முதற் படத்தில் இருவரும் ஏற்றார்கள்; இரண்டாவதில் இருவரும் மறுத்தார்கள். காட்டில் பேய்விலங்குகள் திரிகின்றன என்று அஞ்சி எல்லை தாண்டாமல் வாழும் ஒரு பழங்காலக் கிராமத்தைப் படம் காட்டுகிறது. விலங்குகள் பெரியவர்கள் போட்ட வேடம் என்பதும், கதை நடப்பது உண்மையில் நம் காலத்தில் என்பதும் பிறகு தெரிகின்றன. பெரியவர்கள் தமக்குள் கூடிப் பேசும் காட்சிகளிலும் அவர்கள் அறிந்ததைப் படம் நம்மிடம் மறைத்தே செல்கிறது. முந்திய படத்தில் சாட்சிகள் நம் கண்முன் கிடந்தன, நாம் தவறாகப் படித்தோம். இதில் சாட்சியே கைக்கு வரவில்லை. ஏமாற்றப்பட்டோம் என்ற கோபம் அங்கிருந்துதான் வருகிறது. அந்தக் கோபம் நியாயமானது.

இருந்தாலும் 'தி வில்லேஜ்' படத்தை நம்மவர்கள் பார்க்கும்போது இன்னொரு வாசலும் திறக்கிறது. எல்லை தாண்டிப் போகாதே என்று பயங்காட்டி மக்களை ஓரிடத்தில் வைத்திருப்பது தோட்ட மக்களின் வரலாற்றில் கற்பனை இல்லை. கடன் தொகை எழுதிய 'துண்டு' கையில் இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாத முறை 1921 இல்தான் ஒழிந்தது. அந்த வரலாறு உள்ளவர்கள் இந்தப் படத்தைப் பார்த்தால், முடிவு ஏமாற்றா என்ற கேள்வியோடு நிற்க மாட்டார்கள். இந்தப் பயத்தால் ஆதாயம் அடைந்தது யார் என்றும் கேட்பார்கள். இடத்தோடும் வரலாற்றோடும் சேர்ந்த பார்வை விமர்சனத்துக்குப் புதிய கேள்வியைக் கொண்டுவரும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

தமிழில் இந்தக் கேள்விக்கு மிகப் பொருத்தமான படம் 2012 ஒக்டோபரில் வந்த கார்த்திக் சுப்புராஜின் 'பீட்சா'. பீட்சா விநியோகிக்கும் மைக்கேல் என்ற இளைஞன், தான் போன வீடொன்றில் கண்ட அமானுஷ்யத்தை முதலாளியிடம் நடுங்கிக்கொண்டு சொல்கிறான். படத்தின் பெரும்பகுதி அந்தக் கதையே. நாமும் முதலாளியோடு சேர்ந்து நம்புகிறோம். முதலாளியின் வைரங்களைக் கைப்பற்றிக்கொண்டு காதலியோடு தப்பிக்க அவன் புனைந்த பொய் அது என்பது பிறகுதான் தெரிகிறது. முதலாளியின் வீட்டிலேயே பேய் பிடித்த மகள் இருப்பதால், அவர் எதை நம்புவார் என்று தொழிலாளிக்குத் தெரியும். ரசிகரும் விமர்சகரும் ஒருசேர வரவேற்ற இந்தப் படம் கன்னடத்திலும் ஹிந்தியிலும் திரும்ப எடுக்கப்பட்டது. அதில் நடித்த விஜய் சேதுபதிக்கு நிலையான இடத்தைத் தந்த படங்களுள் ஒன்று. முடிவு தெரிந்துகொண்டு இதைப் பார்த்தால், பேய்க்குப் பயந்தவனின் முகமாகத் தெரிந்தது, முதலாளியின் கண்ணைப் பார்த்து அளந்து அளந்து கதை சொல்கிறவனின் முகமாக மாறுகிறது. நடிப்பு இரண்டு விதமாகவும் பொருந்துகிறது. கடைசியில், தான் சொன்ன பொய்யைப் போன்ற ஒரு வீட்டுக்குள் அவனே உண்மையாக மாட்டிக்கொள்கிறான். அந்த இறுதிக்காட்சி வெறும் பயங்காட்டலுக்காக ஒட்டப்பட்டது என்று சொல்வாரும் உண்டு. எனக்கு அது கதையின் அறக்கணக்காகப் படுகிறது. பிறருடைய பயத்தைக் கருவியாக்கியவன், அதே பயத்துக்கு விலை கொடுக்கிறான்.

மறுபார்வைக்கு இன்னொரு சான்று, பாசில் இயக்கி 1993 இல் மலையாளத்தில் வந்த 'மணிச்சித்திரத்தாழ்'. ஷோபனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' ஆகி, பி. வாசுவின் கையால் 2005 இல் தமிழில் 'சந்திரமுகி' ஆயிற்று. சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாட்களுக்கு மேல் ஓடியது. 800 நாளும் முடிவு தெரியாதவர்களே வந்தார்கள் என்று யாரும் வாதாட முடியாது. கங்கா என்ற பெண்ணின் மனநோயே சந்திரமுகி என்ற பேயாக வெளிப்படுகிறது என்பதை அறிந்துகொண்டுதான் மக்கள் மறுபடியும் போனார்கள். இந்தக் கதையின் திருப்பம் அமானுஷ்யத்தை மறுக்கும் திருப்பம். ஆனால் நோயைத் தீர்க்கும் வழியோ ஒரு நாடகம்: மருத்துவரும் மாந்திரிகரும் சேர்ந்து, பழிவாங்கப்பட வேண்டிய அரசனின் இடத்தில் ஒரு பொம்மையை வைத்து, அவள் கையால் அதை அழிக்கவிடுகிறார்கள். இது மருத்துவமே இல்லை என்று விமர்சகர்கள் சொன்னது சரி. மக்கள் அதை ஏற்றதற்கும் காரணம் உண்டு. எரிப்பதும் மீட்பதும் கூத்தின் இலக்கணம். அந்த இலக்கணம் அவர்களுக்குப் பழக்கமானது.

இனி மறுப்புகளைப் பார்ப்போம். முதலாவது வலுவானது: பொதுமக்களின் தீர்ப்பு அவ்வளவு நேர்மையானது என்றால் 'அந்த நாள்' ஏன் ஓடவில்லை? எஸ். பாலச்சந்தர் இயக்கி ஏவி.எம். தயாரித்து 1954 இல் வந்த அந்தப் படத்தில் பேய் இல்லை; ஆனால் தமிழ்த் திரையின் முதற்பெரும் கடைசித் திருப்பம் அதில் இருக்கிறது. யுத்த காலச் சென்னையில் வானொலிப் பொறியியலாளர் ராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறான். ஜப்பானுக்கு உளவு பார்த்த அவனைச் சுட்டது மனைவி உஷாவே என்பது முடிவு. விமர்சகர்கள் பாராட்டினார்கள், தேசிய அளவில் தகுதிச் சான்றிதழும் கிடைத்தது, வசூல் மட்டும் கிடைக்கவில்லை. ஆனால் மக்கள் எதை மறுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஒரு பாட்டுக்கூட இல்லாத தமிழ்ப்படம் அது. சிவாஜி கணேசன் முதற்காட்சியிலேயே பிணமாகிறார். தமிழ்ப்படம் என்றால் இன்னின்ன கிடைக்கும் என்ற எதிர்பார்ப்புதான் உடைந்தது. திருப்பத்தின்மேல் யாரும் குறை காணவில்லை. இன்று அந்தப் படத்தைத் தேடிப் பார்க்கிறவர்களில் பெரும்பாலானோருக்குக் கொலையாளி யார் என்று முன்பே தெரியும். தெரிந்தும் பார்க்கிறார்கள், மதிக்கிறார்கள். காலம் தாழ்ந்து வந்த தீர்ப்பும் என் அளவுகோலையே உறுதி செய்கிறது.

இரண்டாவது மறுப்பு: முடிவு தெரிந்தால் சுவை கெடாது என்பது உண்மைதானா? இதற்கு ஆய்வு உண்டு. 2011 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் லெவிட், கிறிஸ்டென்ஃபெல்ட் என்ற இருவர், சிறுகதைகளின் முடிவை முன்பே சொல்லிவிட்டு வாசிக்கக் கொடுத்தார்கள். வாசித்தவர்கள் அந்தக் கதைகளைக் கூடுதலாகவே விரும்பினார்கள். ஆனால் சில ஆண்டுகளுக்குப் பின் ஜோன்சன், ரோசன்பாம் ஆகியோர் செய்த ஆய்வில், முடிவை முன்பே அறிவது மனம் ஈடுபடுவதைக் குறைக்கிறது என்று கண்டார்கள். இரண்டையும் நான் ஏற்கிறேன். முதல் முறை பார்க்கும் வியப்பு உண்மையான இன்பம். அதைப் பறிக்க யாருக்கும் உரிமை இல்லை. 1955 இல் வந்த 'லே தியபோலிக்' என்ற பிரெஞ்சுப் படம் முடிவைப் பிறருக்குச் சொல்ல வேண்டாம் என்று எழுத்தில் வேண்டிக்கொண்டு முடிந்தது. 1960 இல் ஹிட்ச்கொக் 'சைக்கோ' தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று நிபந்தனை வைத்தார். கூட்டமும் ஒத்துழைத்தது. புதுப்படத்தின் முடிவைக் காப்பது பார்த்தவர் பார்க்காதவருக்குச் செய்யும் மரியாதை. ஆனால் மரியாதை வேறு, மதிப்பீடு வேறு. ரகசியமாக வைத்திருந்தால்தான் உயிர் வாழும் படம், ரகசியத்தோடு சேர்ந்தே தீர்ந்துவிடும்.

மூன்றாவது மறுப்பு தோட்டத்திலிருந்தே எழக்கூடியது: இரண்டாம் தடவை பார்க்க உழைக்கும் மக்களுக்கு நேரம் ஏது, காசு ஏது? இரண்டாம் பார்வைக்கு இரண்டாம் டிக்கெட் அவசியம் இல்லை. வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து ஒரு லயக் குடியிருப்பே கூடிப் படம் பார்த்த காலத்திலும் சரி, ஒவ்வொருவரும் கைத்தொலைபேசியில் பார்க்கும் இன்றும் சரி, படம் முடிந்தபின் பேச்சு தொடங்குகிறது. "அப்போ அந்தப் பொம்பிள ஏன் அவர்கூடப் பேசல?" என்று ஒருவர் கேட்க, மற்றவர் நினைவைப் பின்னோக்கி ஓட்டி விடை தருகிறார். அந்த உரையாடலில் படம் திரும்பவும் ஓடுகிறது. அதில் தோற்ற படத்துக்கு அடுத்த வாரம் கூட்டம் வராது. 'தி வில்லேஜ்' படத்துக்கு அமெரிக்காவில் நடந்தது அதுதான். வாய்வழிப் பேச்சை விட விரைவான, கண்டிப்பான விமர்சனம் வேறெதுவும் இல்லை.

நான்காவது மறுப்பை நான் மிகுந்த அக்கறையோடு எடுத்துக்கொள்கிறேன். மனநோய்க்கு மருத்துவமனைக்குப் போக வேண்டியவர்களைக் கோடாங்கியிடமும் கழிப்புக்கும் அனுப்பும் வழக்கம் இருக்கும் இடத்தில், பேய்ப்படங்களை இவ்வளவு பரிவோடு பேசலாமா? கேள்வி நியாயமானது. ஆனால் நாம் பார்த்த கதைகளைத் திரும்ப எண்ணுங்கள். ஒன்றில் பேய் என்பது, கடைசிக் காட்சியைத் தவிர, தொழிலாளி சொன்ன பொய். ஒன்றில் ஊர்ப்பெரியவர்கள் போட்ட வேடம். ஒன்றில் உறவினர் அறியாத நோய். ஒன்றில் மட்டும் தொடக்கம் முதலே பேய் உண்மை. அங்கும் இறந்தவர்களுக்கு வேண்டியது யாராவது காதுகொடுத்துக் கேட்பதுதான். நல்ல திருப்பம், பேயை நம்பச் செய்தபின் நாம் ஏன் நம்பினோம் என்று நம்மையே கேட்கவைக்கிறது. அந்தக் கேள்விப் பழக்கம் மூடநம்பிக்கைக்கு உதவாது. அதே நேரத்தில் 'சந்திரமுகி' காட்டும் தீர்வை மருத்துவம் என்று நம்பிவிடும் ஆபத்தை விமர்சகர்கள் சுட்டிக்காட்டியே ஆக வேண்டும். நாடகம் முடிந்த அன்றே நோய் தீர்வது திரையில் மட்டும் நடக்கும். மனநோய்க்கு நீண்ட சிகிச்சையும் வீட்டாரின் பொறுமையும் வேண்டும். ரசிகர் அனுபவித்ததை மதித்துக்கொண்டே இதைச் சொல்ல முடியும். அப்படிச் சொல்வதுதான் விமர்சகரின் கடமை.

ஆகவே இங்கே இருக்கும் ஆசிரியர்களுக்கும் எழுத விரும்பும் இளைஞர்களுக்கும் என் வேண்டுகோள் இது. அடுத்த திகில் படத்தைப் பற்றி எழுதும்போது திருப்பம் நன்றாக இருந்தது, இல்லை என்ற ஒற்றை வரியில் நிறுத்திவிடாதீர்கள். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். முடிவுக்கான சாட்சி நம் கண்முன் வைக்கப்பட்டதா? முடிவு தெரிந்தபின் பாத்திரங்கள் மேலும் மனிதர்களாகத் தெரிகிறார்களா, வெறும் காய்களாகச் சுருங்கிவிடுகிறார்களா? இந்தப் பயம் யாருக்குப் பயன்பட்டது? முதல் இரண்டும் உலகத்து நல்ல விமர்சகர்கள் எல்லோரும் கேட்பவை. மூன்றாவது, இந்த மலைகளின் வரலாறு நமக்குக் கற்றுத்தந்தது. சினிமா விமர்சனம் நகரத்திலிருந்து வர வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. கூத்துக்களத்தில் மதனையும் ரதியையும் எடைபோட்ட கண்கள் உங்களிடம் இருக்கின்றன. பலாங்கொடையிலும் இறக்குவானையிலும் தெரணியகலையிலும் எட்டியாந்தோட்டையிலும் மறுநாள் மலையில் நடக்கும் அந்தப் பேச்சு எழுத்தாக வேண்டும். வாயில் இருக்கும் விமர்சனத்தைத் தாளில் ஏற்றும் வேலையை இந்தத் தலைமுறை ஏற்றுக்கொள்ளட்டும்.